ஸர் ஜோனதன் ஹட்சின்ஸன்

மருத்துவ நூல்களிலே சில பெரியோரின் பெயர்கள் நோய்களோடும் நோய்க்குறிகளோடும் பிணைந்து நின்று, அவர்கள் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் வழங்கி வருகின்றன. பல்லின் வடிவத்தைக் கூறுமிடத்து ஒருமுறையும், தலையில் அடிபட்டோரின் கண்மணி விரிதலைக் கூறுமிடத்து ஒருமுறையும், இளமையிலேயே முதுமைக்கோலம் வந்தெய்தும் அரிய நோயைக் கூறுமிடத்து ஒருமுறையுமாக, ஒரே பெயரை மருத்துவ மாணவர் மீண்டும் மீண்டும் ஓதுகின்றனர். அப்பெயர் ஹட்சின்ஸன் என்பது. இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளங்கிய இவ்வறிஞரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் நாம் ஒரு மருத்துவரின் வரலாற்றை எழுதப் புகுவது என்னையோ என்று வினவுவாரும் உளராகலாம். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு கண்டு, உண்மைப் பாடம் இன்னதென்று துணிவது நமது கல்வியின் ஒரு கூறு. இரண்டு எழுத்துக்கள் ஒன்றுபோலத் தோன்றுமிடத்தே விரைந்து முடிவு செய்தவன் பொருளையே கெடுத்துவிடுவான். நோயை நாடுவோனது தொழிலும் இத்தகையதே. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நோய்களை வேறுபிரித்தறிதலே அவன் கலையின் உயிர்நிலை. ஏட்டில் பிழை செய்தால் பாட்டுக் கெடும்; நோயில் பிழை செய்தால் உடலின் உறுப்பு, சிலபோது உயிருங்கூட, போய்விடும்.

ஜோனதன் ஹட்சின்ஸன் 1828-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் யார்க்ஷயர்ப் பகுதியைச் சார்ந்த செல்பி என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவருடைய பெற்றோர் நண்பர் சபையார் எனப்படும் குவேக்கர் மரபைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரம் நீக்குதல், வாய்மை பேணுதல், பிறர் துயர் களைதல் ஆகிய இவையே அம்மரபினர் தம் மக்கட்குச் சிறுபருவத்திலேயே ஊட்டிய பாடங்கள். இளைஞர் ஹட்சின்ஸன் யார்க் நகரிலே ஒரு மருத்துவரிடம் தொழில் பழகுபவராக அமர்ந்து, அந்நகரின் மருத்துவப் பள்ளியிற் பயின்றார். பின்னர் லண்டன் மாநகரை அடைந்து, புனித பர்த்தலமேயு மருத்துவமனையிலே புகழ்பெற்ற ஜேம்ஸ் பேஜட் என்பாரிடம் கற்று, 1850-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவராகத் தேர்ச்சி பெற்றார்.

லண்டனிலே அவர் ஒரே துறையைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. லண்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும், மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் கண் மருத்துவராகவும், பிளாக்ஃபிரையர்ஸ் மருத்துவமனையில் தோல்நோய் காண்பவராகவும் அவர் பணியாற்றினார். ஒரு மனிதர் இத்தனை துறைகளிற் கால்வைத்தால் எதிலும் ஆழங்காணார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஹட்சின்ஸனுக்கு இப்பரப்பே ஆழமாயிற்று. பல்லிலே கண்ட குறியையும், கண்ணிலே கண்ட மங்கலையும், செவியிலே கண்ட கேளாமையையும் தனித்தனி மருத்துவர் தனித்தனியே கண்டிருந்தனர். இம்மூன்றும் தாயின் மேகநோய் கருவிலிருந்த குழந்தையைப் பற்றியதன் விளைவுகளே என்று ஒன்றாகக் கோத்துக் காட்டியவர் இவரே. இன்றும் அம்மூன்று குறிகளையும் அவர் பெயராலேயே மருத்துவர் வழங்குகின்றனர்.

கத்தி பிடித்த கையிலும் அவருக்குத் துணிவு குறையவில்லை. குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள்ளே செருகிக்கொள்ளும் கொடிய நோயால் வருந்திய இரண்டு வயதுக் குழந்தையை 1871-ஆம் ஆண்டில் வயிற்றைத் திறந்து அறுவை செய்து காப்பாற்றினார். அதற்கு முன்னர் அந்நோயுற்ற குழந்தைகளை இவ்வாறு அறுவையினாற் பிழைப்பித்தல் எய்தற்கரிய செயலாகவே இருந்தது. ஆர்ஸெனிக் கலந்த மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல் தோலிலே புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்பதை 1887-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவரும் அவரே. மருந்தே நோயாதலும் கூடும் என்று தம் தொழிலினரை நோக்கியே கூறுவதற்கு எத்துணை நேர்மை வேண்டும் என்பதை நம் வாசகர் எண்ணிப் பார்ப்பாராக.

பிறரின் தகுதியை அறிந்து போற்றுவதிலும் அவர் பின்வாங்கவில்லை. யார்க் நகரிலே பயின்று லண்டன் வந்த ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்னும் இளைஞர், மருத்துவத்தை விட்டுத் தத்துவ ஆராய்ச்சியிற் புகுந்துவிடக் கருதியபோது, அவரைத் தடுத்து நிறுத்தியவர் ஹட்சின்ஸன். பின்னாளிலே மூளை நரம்பு மருத்துவத்தின் முதல்வருள் ஒருவராக உலகம் ஜாக்ஸனைப் போற்றியது. தாம் அறிந்ததைப் பரப்புவதோடு அமையாது, அறியவல்ல ஒருவரைத் துறையிலே நிலைநிறுத்துதலும் பெருந்தொண்டு அன்றோ?

இனி, அவர் பெயரை மருத்துவ வரலாற்றில் வேறொரு வகையாலும் நிலைபெறச் செய்த நிகழ்ச்சியைக் கூறுவோம். 1869-ஆம் ஆண்டில், நிலக்கரித் துறையிலே கூலிவேலை செய்துவந்த, ஐம்பத்தெட்டு வயதுடைய ஒருவர் பிளாக்ஃபிரையர்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய கைகளிலும் கால்களிலும் கருஞ்சிவப்பு நிறமான தடித்த திட்டுக்கள் காணப்பட்டன. அவை நோவவில்லை, புண்ணாகவுமில்லை. இன்ன நோய் என்று வகுத்துரைக்க அக்கால நூல்களில் இடமில்லை. சிலர் ஆயின், ஏதோ தோற்பிணி என்று எழுதிவிட்டு அவரை அனுப்பியிருப்பர். ஹட்சின்ஸன் அவ்வாறு செய்யாமல், கண்டவற்றை நுணுக்கமாகக் குறித்து வைத்தார். அத்தொழிலாளி வாதநோயாலும் வருந்தினார். 1875-ஆம் ஆண்டிலே சிறுநீரகம் பழுதுற்று இறந்தார். தோலின் திட்டுக்கட்கும் வாதத்துக்கும் தொடர்புண்டு என்று ஹட்சின்ஸன் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை, அவர் குறித்துவைத்த காட்சியோ நிலைத்தது.

1869-ஆம் ஆண்டிலேயே அவர் நார்வே நாட்டிற்குச் சென்றார். இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரிலே பேராசிரியர் கார்ல் வில்ஹெல்ம் பெக் என்பார், தாம் கண்ட நோயாளி ஒருவரின் வண்ணப்படத்தை அவருக்குக் காட்டினார். அப்படத்திலே தீட்டப்பட்டிருந்த திட்டுக்கள் லண்டன் தொழிலாளியின் திட்டுக்களையே ஒத்திருந்தன. கடலால் பிரிக்கப்பட்ட இரண்டு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத இருவரின் உடலில் ஒரே நோய் தோன்றியிருந்ததை ஒரு படம் உணர்த்திற்று. 1877-ஆம் ஆண்டில் ஹட்சின்ஸன் தம் நோயாளியின் வரலாற்றைப் படத்துடன் வெளியிட்டார். பின்னர் 1898-ஆம் ஆண்டில், முகத்திலும் கைகளிலும் இத்தகைய திட்டுக்கள் தோன்றிய முதிய பெண்மணி ஒருவரைக் கண்டு, இது தோலைப் பற்றும் காசநோயினின்றும் வேறானது, புண்ணாகாதது என்று பிரித்துரைத்து, அந்நோயாளியின் பெயரையே நோய்க்கும் சூட்டினார். அப்பெயர் வழக்கில் நிலைக்கவில்லை.

நிலைத்த பெயரைத் தந்தவர் முன்கூறிய பேராசிரியரின் உடன்பிறந்தார் மகனாகிய ஸீஸர் பெக் ஆவர். 1899-ஆம் ஆண்டில் அவர் போலீஸ்காரர் ஒருவரின் தோலினின்றும் சிறு துண்டை எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். தசைப் புற்றாகிய ஸார்க்கோமாவைப் போலத் தோன்றினும் அதன் கொடுமையில்லாத அணுக்கூட்டங்கள் அங்கே காணப்பட்டன. ஆதலின் அதனை ஸார்க்காய்டு என்றார். அதன் வழிவந்ததே இன்று வழங்கும் ஸார்க்காய்டோஸிஸ் என்னும் பெயர். தோற்றத்தினால் ஒன்றை மற்றொன்றாக மயங்கக் கூடும் என்னும் எச்சரிக்கை அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருத்தல் காண்க.

படத்தின் ஆற்றலை ஹட்சின்ஸன் நன்கு உணர்ந்திருந்தார். தாம் கண்ட அரிய நோய்களையெல்லாம் ஓவியரைக் கொண்டு வண்ணத்தில் தீட்டுவித்துத் தொகுத்தார். 1889 முதல் 1900 வரை தாமே எழுதி வெளியிட்ட அறுவைத்துறைத் தொகுதிகளிலே தம் அனுபவத்தைக் கொட்டி வைத்தார். தொழிலில் இறங்கிவிட்ட மருத்துவரும் தொடர்ந்து கற்கவேண்டும் என்று கருதி, 1899-ஆம் ஆண்டில் அவர்கட்கென லண்டனிலே ஒரு கல்வி நிலையம் தோன்றுவதற்கு முன்னின்றார். அவர் தொகுத்த படங்கள் பின்னர் வில்லியம் ஆஸ்லரின் முயற்சியால் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. தாம் குடியிருந்த ஹேஸல்மியர் என்னும் ஊரிலே 1888-ஆம் ஆண்டில் ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவி, ஊர்மக்களுக்கு இயற்கையையும் வரலாற்றையும் காட்டிக் கற்பித்தார். அரசவை விஞ்ஞானக் கழகம் 1882-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1889-இல் அறுவை மருத்துவக் கல்லூரியின் தலைவரானார். 1908-இல் ஸர் பட்டமும் எய்தினார்.

புகழை மட்டுங் கூறி அமைவது வரலாறு ஆகாது. இப்பெரியாரையும் ஒரு பிடிவாதம் பற்றிக்கொண்டிருந்தது. குட்டநோய்க்குக் காரணம் நன்கு பதப்படுத்தப்படாத, கெட்டுப்போன மீனை உண்பதே என்று அவர் நம்பினார். நார்வேயின் பெர்கன் நகரிலே ஹான்ஸன் என்பார் 1873-ஆம் ஆண்டில் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்த பின்னரும், அக்கிருமி மீனின் வழியாகவே உடலிற் புகுகின்றது என்று அவர் வாதித்தார். தம் கொள்கையை நிறுவும் பொருட்டு முதுமையிலே தென்னாப்பிரிக்காவுக்கும், பின்னர் 1902-03 ஆண்டுகளில் நம் இந்திய நாட்டுக்கும் பயணஞ் செய்தார். எழுபது கடந்த ஒருவர், கடல்கடந்து வந்து, குட்டநோயர் வாழும் இடங்களை நாடிச் சென்று, அவர்கள் உண்ட உணவை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்த உழைப்பை நாம் வணங்கவே வேண்டும். ஆயினும் மீனையே தொடாத மரபினரிடத்தும் அந்நோய் இருப்பது இந்நாட்டிலே வெளிப்படை. அதனைக் கண்டும் அவர் கொள்கையைக் கைவிடவில்லை. நோயாளியின் கைபட்ட உணவாலும் நோய் பரவலாம் என்று ஒரு துணைக்காரணத்தைச் சேர்த்துக்கொண்டு, 1906-இல் தம் நூலை வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சி அவர் கொள்கையை முற்றும் தள்ளிவிட்டது.

பிளாக்ஃபிரையர்ஸிலே கூலியாளின் கையை நோக்கியபோது அவர் கண்டதை எழுதினார். குட்டநோயை நோக்கியபோதோ எழுதியதையே கண்டார். ஒரே மனிதரின் ஒரே கண் இருவேறு விளைவுகளைத் தந்ததற்குக் காரணம் இதுவே என்பது நமது துணிபு.

1913-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23-ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயது நிறைவதற்கு ஒரு திங்கள் இருக்கையில், ஹேஸல்மியரிலே ஹட்சின்ஸன் உயிர்நீத்தார். அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியோ அவரோடு முடியவில்லை. 1914-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஷௌமான் என்பார், இது தோலோடு நிற்கும் நோயன்று, நுரையீரல், நிணநீர்க் கழலைகள், எலும்பு முதலிய பல உறுப்புக்களையும் பற்றும் ஒரே நோய் என்று எழுதினார். 1895-ஆம் ஆண்டில் ரான்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்கள் அதற்குத் துணையாயின. ஓவியரின் தூரிகை எட்டாத மார்பின் உள்ளிடத்தே, நுரையீரலின் இருபுற வாயில்களிலும் நிணநீர்க் கழலைகள் வீங்கி நிற்பதைக் கதிர்ப்படம் காட்டிற்று.

இந்நோய் அரிதாகப் பற்றும் ஓர் இடத்தை இங்கே கூறாமல் விடுதல் தகாது. அஃது ஆண்களின் பிறப்புறுப்புத் தொகுதியாகும். அவற்றுள்ளும் விரையின்மேல் ஒட்டிச் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்னும் குழலையே மிகுதியும் பற்றும். அடுத்து விரையைப் பற்றும். நோயாளிகள் உயிரோடிருக்கையில் ஆயிரவருள் இருவர்க்கும் குறைவாகவே இது கண்டறியப்படுகின்றது. இறந்தோரை அறுத்துச் சோதித்தவிடத்தோ நூற்றுக்கு ஐவரளவில் காணப்பட்டிருக்கின்றது. ஆகவே, பலரிடத்து இது ஒளிந்திருந்தே போகின்றது என்பது தெளிவு. இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோரையே இது பெரும்பாலும் அணுகுகின்றது. விரையிற் புற்றுநோய் தோன்றும் பருவமும் ஏறக்குறைய அதுவே. இங்கேதான் இடர்ப்பாடு முளைக்கின்றது.

கேளா ஒலியைக் கொண்டு எடுக்கும் அல்ட்ராஸவுண்டுப் படத்தில், ஸார்க்காய்டோஸிஸ் சுற்றிலுமுள்ள இழையினும் கருமையான சிறு முடிச்சுக்களாகத் தோன்றும், அம்முடிச்சுக்கள் பலவாகவும், இரு பக்கங்களிலும் பரந்தும் இருத்தல் உண்டு, எபிடிடிமிஸ் வீங்கியிருக்கும். புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஒரே கட்டியாகத் தோன்றும். ஆயினும் இவ்வேறுபாடு முழு உறுதி தருவதன்று. நிணநீர்ப் புற்றும், வேறிடத்தினின்று பரவிய புற்றும் இருபுறமும் தோன்றலாம். நம் நாட்டிலே மிகுதியாயுள்ள காசநோயும் எபிடிடிமிஸைப் பற்றும். காந்தத்தின் துணையால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் முடிச்சுக்களின் பரப்பை மேலும் தெளிவாக்குமேயன்றி, இன்ன நோயென்று தனித்து உறுதி கூறாது. ஆதலின் மருத்துவர் மார்பின் கதிர்ப்படத்தையும், ஸி.டி. படத்தையும், இரத்தத்திலே விரைப்புற்றைக் காட்டும் பொருள்கள் மிகுந்துள்ளனவா என்பதையும் உடன்வைத்து நோக்குவர். இறுதியில் சிறு துண்டை எடுத்து நுண்பெருக்கியால் ஆய்ந்து, காசநோயிற்போல நடுவே சிதைந்து கட்டிப்பாலாகாத அணுத்திரள்களைக் கண்டு, காசக் கிருமி இல்லை என்பதையும் தெளிந்த பின்னரே முடிவு கூறுவர்.

இத்துணை எச்சரிக்கை எதற்கு? புற்றென்று விரைந்து துணிந்தமையால், மருந்தினாலேயே தணியக்கூடிய நோய்க்காக விரையை அறுத்தெடுத்துவிட்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. மறுபுறம், ஸார்க்காய்டோஸிஸ் உடையோர்க்கும் புற்றுநோய் உடன்தோன்றல் கூடுமாதலின், இது தீதற்றது என்று வாளாவிருத்தலும் உயிருக்குக் கேடாகும். அன்றியும் வீக்கத்தால் குழல் அடைபட்டு, மகப்பேறு வாய்க்காமற் போதலும் உண்டு. உரிய காலத்தில் அறியப்படின், கார்ட்டிஸோன் இன மருந்துகளால் பலர் நலமுறுகின்றனர். நோயின் மூலகாரணமோ இன்றளவும் துணியப்படவில்லை.

மற்றொரு தடையையும் நாம் கூறவேண்டும். அது நோயாளியின் நாணம். இளைஞர் பலர் உடலின் அப்பகுதியிலே வீக்கமோ கட்டியோ தோன்றின், தந்தையிடமும் தமையனிடமும் கூறக் கூசி, மாதக்கணக்கில் மறைத்துத் திரிகின்றனர். எத்துணை நுட்பமான படக்கருவி இருப்பினும், அதன் முன்னே வந்து படுக்காத நோயாளிக்கு அதனாற் பயன் யாது? நோவில்லாத கட்டியாயினும் மருத்துவரிடம் காட்டுதலே அறிவுடைமை. முன்கூறிய நிலக்கரித் தொழிலாளியும் நோவில்லையே என்று வீட்டிலிருந்திருப்பாராயின், இவ்வாராய்ச்சி இன்னும் எத்துணை ஆண்டுகள் பின்தங்கியிருக்குமோ, யார் அறிவார்?

ஹட்சின்ஸனின் வாழ்க்கை நம்போன்ற மாணவர்க்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. கண்டதைக் கண்டவாறே குறித்து வைத்தவன், அதன் பொருளைத் தான் அறியாவிடினும், பின்வருவோர்க்குப் பெருஞ்செல்வத்தை விட்டுச் செல்கின்றான் என்பது ஒன்று. கொண்ட கொள்கையின்மேல் வைத்த பற்று கண்ணை மறைக்குமாயின், பேரறிஞனும் வழிதவறுவான் என்பது மற்றொன்று. நாம் மருத்துவராயினும், ஆசிரியராயினும், ஏடு ஆய்வோராயினும், முன்னதைக் கைக்கொண்டு பின்னதை விலக்குதற்கு இப்பெரியாரின் வரலாறு துணைசெய்வதாக.